அருள்பாண்டி விரதம் இருந்த நாள்

உளுந்த வடையை வேண்டாம் என்று சொன்னதுதான் அருள்பாண்டி செய்த முதல் தப்பு.

போடி ஊரில் ஜக்கையனின் ஏலக்காய்க் கடையில் காலை டீயோடு வரும் வடையை இதுவரை யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. காய் சலித்துக்கொண்டிருந்த பிச்சைமணி சல்லடையை அப்படியே நிறுத்திவிட்டான்.

"என்னடா, ஒடம்புக்கு எதுவுமா?"

உடம்புக்குத்தான். கொஞ்ச நாளாக வெளிக்குப் போகும்போது ரத்தம் போகிறது. நாளைக் காலை தேனியில் குடல் டாக்டர் குழாய் விட்டுப் பார்க்கப் போகிறார். இன்று முழுக்க இளநீரும் தண்ணீரும் மட்டும்தான். சாயங்காலம் வயிற்றைக் கழுவும் மருந்தைக் குடிக்க வேண்டும். போன மாதம் தங்கச்சி வீட்டில் ஒரே ஒரு இட்லி தின்றுவிட்டுப் போனதற்கு, வயிறு சுத்தமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அவன் மனைவி மகாராணிக்குத் தூக்கமில்லை. அவனுக்கும் உள்ளுக்குள் பயம்தான்.

ஆனால் இதைக் கடையில் சொல்ல முடியுமா? போன வருஷம் இதே டெஸ்டுக்குப் போகிறேன் என்று உள்ளதைச் சொன்ன பிச்சைமணிக்கு இன்றுவரை 'பைப்பு மணி' என்றுதான் பெயர். அவன் மகள் கல்யாணத்துக்கு வந்த மொய்க் கவரிலேயே அப்படித்தான் எழுதியிருந்தார்கள்.

"விரதம்," என்றான் அருள்பாண்டி.

"எந்தச் சாமிக்கு?"

"குரங்கணி மலைக்கு மேல... ஒரு சாமி."

பிச்சைமணி செருப்பை உதறினான். "மொதல்லயே சொல்லக் கூடாதா சாமி? நா பாட்டுக்கு டா போட்டுப் பேசிட்டேனே!"

காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து வந்துவிட்டார்கள். முத்துப்பேச்சி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் குனிந்தாள்.

"சாமி, எம்மகளுக்கு இன்னும் வரன் அமையல. ஒங்க கையால துன்னூறு பூசி விடுங்க."

பூசினான். பின்னாலேயே வரிசை நின்றது. எல்லோருக்கும் பூசி முடிப்பதற்குள் யாரோ கோயில் பஞ்சாமிர்தத்தை வாய்க்கு நேரே நீட்டினார்கள்.

"பிரசாதத்த வேணாங்கப்படாது சாமி."

"நா முழு உபவாசம் ஆத்தா! பச்சத் தண்ணிதான்!"

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். முழு உபவாசம் என்றதும் அவன் மதிப்பு ஏலக்காய் விலை மாதிரி ஏறிவிட்டது. உள்ளிருந்து முதலாளி ஜக்கையனே வந்தார். எஸ்டேட்டுக்கு லோடு ஏற்றப் புது ஜீப்பு வந்திருந்தது. சாயங்காலம் அதற்குப் பூசை.

"வழக்கமா நாந்தான் பூசணிக்கா ஒடைப்பேன். இன்னிக்கி எனக்கு ஒரு மாதிரியா இருக்குப்பா. விரதக்காரன் நீ இருக்கயில நான் எதுக்கு? நீயே ஒடைச்சிரு."

"மொதலாளி, நா வெரசா வீட்டுக்குப் போகணும்..."

"பூசைய முடிச்சிட்டுப் போ."

முதலாளி பேச்சை எப்படித் தட்டுவது? மகாராணிக்குப் போன் போட்டான். அவளே மருந்தைக் கரைத்து, பெரிய பாட்டிலில் ஊற்றி, கடைக்குக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஒரு சொட்டு மிச்சம் வெச்சாலும் எங்காத்தா வீட்டுக்குப் போயிருவேன், பாத்துக்க," என்று பல்லைக் கடித்துச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் கண் கலங்கியிருந்ததை அவன் பார்த்தான்.

மூட்டைகளுக்குப் பின்னால் நின்று ஒரு மடக்குத்தான் குடித்திருப்பான். முத்துப்பேச்சி எட்டிப் பார்த்தாள்.

"பாட்டில்ல என்ன சாமி?"

"தீர்த்தம்."

சொன்ன மறுநொடி நாக்கைக் கடித்துக்கொண்டான். கடையே உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு வந்து நின்றது. கொடுத்தால் மருந்து குறையும், டெஸ்டு போகும். கொடுக்காவிட்டால் இவர்கள் விடப்போவதில்லை.

நல்லவேளையாக முதலாளி வந்தார். பாட்டிலைப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி கோணியது.

"அவன் தீர்த்தத்த அவனே குடிக்கட்டும். யாரும் கேக்கப்படாது. போயி சோலியப் பாருங்க!"

அருள்பாண்டிக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் குடித்து முடித்தான்.

ஜீப்புக்கு மாலை போடும்போது வயிற்றுக்குள் கடமுடா என்றது. கடைக்குப் பின்னால் இருந்த ஒரே கக்கூசுக்கு ஓடினான். உள்ளே தாழ்ப்பாள்.

"யாருய்யா உள்ள?"

பதிலுக்கு ஓர் இருமல் வந்தது.

"வெரசா வாய்யா!"

மறுபடியும் இருமல். அதற்குள் பிச்சைமணி வந்து அவன் கையைப் பிடித்து இழுத்தான். "சாமி, நல்ல நேரம் முடியப் போகுது!"

"மொதலாளி வரட்டும்டா!"

"அவரு போன்ல இருப்பாரு. நீங்க வாங்க சாமி!"

சூடம் எரியும் பூசணிக்காயைக் கையில் கொடுத்தார்கள். அருள்பாண்டிக்கு வேர்த்துக் கொட்டியது. கால் இரண்டும் பின்னிக்கொண்டன. உடம்பு உதறியது. "ம்ம்ம்!" என்று பல்லைக் கடித்தான்.

"ஆத்தாடி, சாமி வந்துருச்சு!" என்று முத்துப்பேச்சி குலவை போட்டாள்.

நாலு பேர் அவன் இடுப்பை இறுக்கிப் பிடித்தார்கள். பிடிக்கக் கூடாத இடம் அதுதான்.

"சாமி, காய் வெல ஏறுமா?"

"வழிய விடுங்கடா!"

"சாமி, மழ எப்பப் பெய்யும்?"

"இப்பயே! இங்கனயே! விடுங்கடா!"

பூசணிக்காயைத் தரையில் அறைந்துவிட்டு, பிடித்தவர்களை உதறிவிட்டு, கக்கூசுக்கே ஓடினான். இன்னும் தாழ்ப்பாள் திறக்கவில்லை. "வெளிய வாடா!" என்று கதவை இடித்தான். துரத்தி வந்த கூட்டம், சாமி பேய் விரட்டுகிறது என்று கையெடுத்துக் கும்பிட்டு நின்றது. உள்ளே இருந்த பேய் வரவில்லை. அருள்பாண்டி சுவரேறிக் குதித்துப் பக்கத்து வீட்டுக் கொல்லைக்குள் ஓடினான். அந்த வீட்டுக்காரி வைத வசவை எந்தச் சாமியும் கேட்டிருக்காது.

மறுநாள் காலை தேனியில், தலைக்குத் துண்டைப் போர்த்திக்கொண்டு மகாராணியோடு போய் நின்றான். நர்ஸ் பவித்ரா கேட்டாள்.

"கடைசியா எப்படிப் போச்சு?"

"தண்ணியாத்தான் போச்சும்மா."

"அப்ப சரி, இன்னிக்கே பாத்துரலாம்."

மகாராணி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். நேற்றுப் பட்ட பாடெல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குத்தானே.

"ஏம்மா, கடையிலருந்து யாராச்சும் தேடிக்கிட்டு வந்தா, விரதம்னு சொல்லிருங்க," என்றான் மெதுவாக.

பவித்ரா சிரிக்கக்கூட இல்லை. தினமும் கேட்கிற பேச்சு போல, "சரி, போய் உக்காருங்க," என்றாள்.

கூடத்தில் அவனைப் போலவே தலையில் துண்டு போர்த்திய நாலைந்து பேர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். காலைக் குளிர் என்று நினைத்துக்கொண்டான். காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவர் துண்டை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு இருமினார். எங்கேயோ கேட்ட இருமல்.

உள்ளறைக் கதவைத் திறந்துகொண்டு பவித்ரா கூப்பிட்டாள்.

"போடி ஏலக்காய்க் கடை ஜக்கையன் ஐயா, மொதல்ல நீங்க வாங்க, விரதத்துல இருக்குற மத்தவங்க எல்லாம் துண்ட எடுத்துட்டு வரிசையா உக்காருங்க!"