கிளவுடுக்கு ஒரு வாரம், பெட்டிக்கு ஒரு வாரம்

யார் மனமும் நோகக் கூடாது என்றே பிறவி எடுத்த மனிதர் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார். சண்டைக்காரர் இருவர் வந்தால், இவர் சொல்வதும் நியாயம் என்பார், அவர் சொல்வதும் நியாயம் என்பார், இரண்டும் எப்படி நியாயமாகும் என்று மூன்றாமவர் கேட்டால் அதுவும் நியாயம் என்பார். ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள கோட்டைக்குப்பத்தில் அவர் பெயர் கோதண்டம். மீனவர் சங்கத் தலைவர்.

போனில் நெட் சரியாக எட்டாததால் சங்கம் குப்பத்துக்கு வைஃபை போட்டது. கம்பங்களில் நான்கு கருவிகள் ஏறின. அவற்றை எங்கிருந்து நிர்வகிப்பது? கிளவுடு போதும், இன்டர்நெட் வழியே கம்பெனி சர்வரிலிருந்தே நடத்தலாம், ஆண்டுதோறும் லைசென்ஸைப் புதுப்பியுங்கள் என்றார் சென்னை வியாபாரி. சங்கக் கட்டடத்திலேயே நான்கையும் நடத்தும் பெட்டி வைக்கலாம், ஒரே லைசென்ஸ் ஆயுசுக்கும் வரும் என்றார் ஆரம்பாக்கத்து வியாபாரி. இருவருமே தலைவருக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். அவர் யாரை விடுவார்?

"இன்னா தலைவரே, ரெண்டுல எது?" என்றது கூட்டம்.

"ஏரியில இன்னா பண்றோம்? இன்னிக்கு இந்த எடத்துல நீ வலை போடு, நாளைக்கு அவன் போடட்டும்னு பாடு வச்சிக்கல? அதே மாதிரி கிளவுடுக்கு ஒரு வாரம், பொட்டிக்கு ஒரு வாரம். யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல."

கைதட்டல் வேறு! திங்கள்தோறும் ஏணி வைத்து ஏறி, நான்கிலும் இருந்ததை அழித்து, முதலிலிருந்து அமைத்து, லைசென்ஸை அங்கிருந்து கழற்றி இங்கே மாட்டி முடிப்பதற்குள் பொழுது போய்விடும். அதுவரை வைஃபை கிடையாது.

அப்படியொரு திங்களன்று, பிளஸ் டூ முடித்திருந்த குப்பத்துப் பெண் சுபஸ்ரீ சங்கத்துக் கம்ப்யூட்டரைத் தேடி ஓடி வந்தாள். வீட்டிலிருந்த ஒரே போன் அப்பாவோடு கடலில். நர்சிங் கவுன்சிலிங் பட்டியல் காலையில்தான் வந்திருந்தது.

"மாமா, அஞ்சு மணிக்குள்ள காலேஜ் பேரு போட்டாவணும். இன்னிக்கு மட்டும் மாத்தாதீங்க."

"நீ சொல்றது நியாயந்தாம்மா. ஆனா பொட்டிக்காரரு வந்துட்டாரே, அவரு மூஞ்சில எப்படி முழிக்கறது? செத்த இரு, மூணு மணிக்கெல்லாம் வந்துரும்."

வரவில்லை. லைசென்ஸ் வேறிடத்தில் ஓடுகிறது என்று பெட்டி முரண்டு பிடித்தது. நாலு மணிக்குப் பஸ் பிடித்து, பொன்னேரி பிரவுசிங் சென்டரில் அவள் உட்கார்ந்தபோது மணி ஐந்தேகால். சீட்டு போயிற்று.

அவள் அம்மா செவ்வந்தி வந்து நின்றாள். "ஒருத்தனாண்ட வேணாம்னு சொல்ல உனக்கு வாய் வரலியாண்ணே? எம்பொண்ணுக்கு ஒரு வருசம் போச்சே!"

கோதண்டம் கண் கலங்கினார். நிஜமாகவே கலங்கினார். "நீ திட்றதும் நியாயந்தான் செவ்வந்தி" என்றார். அடுத்த திங்கள் ஏணி மறுபடி வந்தது.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. உங்களுக்கு? பெண்ணும் பாவம், தலைவரும் நல்ல மனுஷன், பாவம் என்று தோன்றுகிறதா? அப்படியானால் உங்கள் தெருவிலும் ஒரு பெண் இந்நேரம் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருப்பாள்.