மோட்டருக்கு வந்த அழைப்புகள்

மோட்டர் தானாக ஓடியது. அன்றைக்கு அது பத்தாவது தடவை.

நண்பகல் ளுஹர் தொழுதுவிட்டு வெங்காயப் பாத்திக்குள் இறங்கிய நெய்னார் தொப்பியோடு நனைந்தார். பன்னிரண்டு ஸ்பிரிங்ளர்களும் அவரைச் சுற்றிச் சுழன்றன. அவர் ஓடவில்லை. நின்ற இடத்தில் நின்றுகொண்டே மருமகனைக் கூப்பிட்டார்.

"மருமகன்! நீங்களா போட்ட?"

கிணற்றடியில் இருந்த ஸப்ரான் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான்.

"நான் தொடவே இல்ல மாமா."

"அப்ப ஆரு?"

அது அவனுக்கும் தெரியவில்லை.

மோட்டரை ஓட்டுவது ஒரு பெட்டி. சோப்புப் பெட்டி அளவு இருக்கும். ஸப்ரான் செய்தது. உள்ளே ஒரு சிம். அந்த நம்பருக்கு ஒரு மிஸ்ட்கோல் கொடுத்தால் மோட்டர் ஓடும். இன்னொன்று கொடுத்தால் நிற்கும். பெட்டி அழைப்பை எடுக்காது, ஆகவே செலவில்லை. மிஸ்ட்கோல் கொடுக்கத் தெரியாதவர் எத்தாளை ஊரில் யாரும் இல்லை, ஆகவே பயிற்சியும் தேவையில்லை.

புதிதாகத் தொழில் தொடங்குவோருக்குக் கொழும்பில் நடந்த ஒரு போட்டிக்கு அதை அனுப்பியிருந்தான். நிறுவனத்தின் பெயர் 'நனை'. நிறுவனத்தில் ஓர் ஆள், ஒரு பெட்டி, மாமனாரின் ஒரு தோட்டம்.

வென்றவருக்குத் தொலைபேசியில் அறிவிப்பார்கள். வருகிற வெள்ளிக்கிழமை கடைசி நாள். அறிவிக்காவிட்டால் சனிக்கிழமை ஸப்ரான் டோஹாவுக்குப் போகிறான். அங்கே நெய்னாரின் தம்பி ஒரு களஞ்சியத்தில் அவனுக்கு வேலை பார்த்து வைத்திருந்தார். விசாவும் வந்துவிட்டது. கலியாணமாகி ஏழு மாதம்.

ஆகவே ஸப்ரான் போனை விட்டு விலகவில்லை. தொழும்போது மனைவி ஸும்ராவிடம் கொடுத்தான். குளிக்கும்போது கொடிக்கயிற்றில் தொங்கவிட்டான். போன் அடிக்கவில்லை.

"முந்தி இதுல ஒரு சுவிட்ச் இருந்திச்சே," என்றார் நெய்னார், தொப்பியைப் பிழிந்துகொண்டே.

"கழட்டிட்டேன் மாமா. சுவிட்ச் இல்லாததுதான் இதுட டிசைன்."

நெய்னார் டிசைனைப் பார்த்தார். பிறகு வீட்டுக்குப் போய் மெயின் சுவிட்சை இறக்கினார். மோட்டர் நின்றது. மின்விசிறியும் நின்றது. ஃபிரிட்ஜும் நின்றது. பின்னேரம் அஸர் நேரம் ஆகும்போது இரண்டு கிலோ மாட்டிறைச்சி கெட்டு மணக்கத் தொடங்கியது. ஸப்ரானின் போனில் சார்ஜ் ஒன்பது சதவீதம்.

"மாமா, கோல் வாற நேரம் போன் செத்துக் கெடந்தா?"

நெய்னார் மெயினை உயர்த்தினார். மோட்டரும் சேர்ந்து ஓடியது.

யார் அழைத்தாலும் பெட்டி அந்த நம்பரைக் குறித்து வைக்கும். ஸப்ரான் பட்டியலை எடுத்துப் பார்த்தான். அன்றைக்குப் பத்தொன்பது அழைப்பு. ஒற்றை எண். அதனால்தான் மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஸப்ரான் ஒரு மிஸ்ட்கோல் கொடுத்தான். மோட்டர் நின்றது. கிணற்றடியை விட்டு நாலு எட்டு வைப்பதற்குள் மறுபடி ஓடியது.

"மோட்டருக்கு எவ்வளவு ஆக்கள்," என்றாள் ஸும்ரா. "அதுல ஒண்டு ஒங்களுக்கு வரப்படாதா?"

"சும்மா இரிங்க."

"சிம்ம மாத்துங்களே."

"ஏலா. தண்ணி போகாம இரிக்கப் பசை ஊத்தி மூடின. சிம்மோட சேத்து."

"ஆரு ஊத்தின?"

"நான்தான்."

"நல்லா ஊத்தியிரிக்கீங்க."

பட்டியலில் இருந்த முதல் நம்பருக்கு அவன் போன் எடுத்தான். ஓர் ஆண் குரல்.

"வின்சன்ட், நண்டு எவ்வளவு இரிக்கி?"

"நான் வின்சன்ட் இல்ல. ஸப்ரான்."

"சரி ஸப்ரான், போன வின்சன்ட்டுக்கிட்டக் குடுங்க."

"வின்சன்ட் எண்டு இங்க ஒருத்தரும் இல்ல. இது மோட்டர்ட நம்பர்."

மறுமுனை நம்பவில்லை.

"வெல கூட்டப் போறீங்க. அதானே?"

இரண்டாவது நம்பரும் நண்டு கேட்டது. மூன்றாவதும் கேட்டது. விஷயம் விளங்கியது. சிலாபத்து நண்டு வியாபாரி ஒருவர் கைவிட்ட நம்பரைத்தான் தொலைபேசிக் கம்பெனி ஸப்ரானுக்கு விற்றிருக்கிறது. மூன்று கிழமைக்கு முன் நண்டுக் காலம் தொடங்கியிருந்தது.

பட்டியலில் ஒரு நம்பர் மட்டும் கொழும்புத் தரைவழித் தொலைபேசி. காலை பத்துக்கு ஒன்று, பின்னேரம் மூன்றுக்கு ஒன்று. சனி, ஞாயிறு இல்லை. அதற்கும் ஸப்ரான் எடுத்தான். மூன்று மொழிகளில் வரவேற்றார்கள். பிறகு பாட்டுப் போட்டார்கள். அவனுடைய காசு முடியும்வரை பாட்டுப் போனது.

"ஹோட்டல்," என்றான். "பெரிய ஹோட்டல்."

"ஒழுங்கான ஹோட்டல்," என்றாள் ஸும்ரா. "நேரந் தவறாம எடுக்குது."

நண்டுக்காரர்களிடம் உண்மையைச் சொன்னது பிழையாகிவிட்டது. வின்சன்ட்டிடம் நண்டு இருக்கிறது, யாரோ ஒரு ஸப்ரானை வைத்து ஒளிக்கிறார் என்று கதை பரவியது. அடுத்த நாள் நாற்பத்து மூன்று அழைப்பு.

ஸப்ரான் விடியவிடிய யோசித்து ஒரு வழி கண்டான். பெட்டி இனிமேல் மூன்று நம்பர்களுக்கு மட்டுமே கீழ்ப்படியும். அவனுடையது, ஸும்ராவுடையது, நெய்னாருடையது. காலையில் நெய்னார் மிஸ்ட்கோல் கொடுத்தார். மோட்டர் ஓடியது. நண்டுக்காரர்கள் எடுத்தார்கள். மோட்டர் அசையவில்லை. மூவரும் கிணற்றடியில் நின்று சிரித்தார்கள்.

அரை மணித்தியாலத்துக்குப் பிறகு நிறுத்துவதற்காக நெய்னார் எடுத்தார். லைன் பிஸி. ஸப்ரான் எடுத்தான். பிஸி. நண்டுக்காரர்கள் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பேர் மூன்று போன்களோடு கிணற்றடியிலேயே நின்று, ஒரு கை தூரத்தில் இருந்த பெட்டிக்கு விடாமல் அடித்தார்கள். ஃபிரிட்ஜை நினைத்து மெயினில் ஒருவரும் கை வைக்கவில்லை. மூன்று மணித்தியாலம் தண்ணீர் ஓடியது. ஏற்கெனவே ஊறிக் கிடந்த கிழக்குப் பக்கத்துப் பாத்திகளில் வெங்காயத் தாள் மஞ்சளாகிச் சாய்ந்தது.

நெய்னார் ஒரு வெங்காயத்தைப் பிடுங்கி அமத்திப் பார்த்தார். விரல் உள்ளே போனது.

"மருமகன்," என்றார் அமைதியாக. "டோஹாவுல தோட்டம் இல்லத்தானே?"

"இல்ல மாமா."

"அல்ஹம்துலில்லாஹ்."

அன்று பின்னேரம் ஸும்ரா கணவனின் உடுப்புகளை மடித்து ஒரு பேக்கில் வைத்தாள். பிறகு எல்லாவற்றையும் வெளியே எடுத்து அலுமாரிக்குள் போட்டாள். பிறகு மறுபடியும் பேக்கில் வைத்தாள். அவனோடு கதைக்கவில்லை.

பெட்டிக்குப் பேசவும் தெரியும் என்பது ஸப்ரானுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. 'மோட்டர் ஓடுகிறது' என்று சொல்வதற்காக அவன் வைத்த வசதி. தெரியாத நம்பர் வந்தால் பெட்டி உடனே எடுத்து நாலு வார்த்தை சொல்லட்டும். கேட்டவர் திரும்ப எடுக்க மாட்டார்.

முதலில் நெய்னாரின் குரலைப் பதிவு செய்தார்கள். அவர் ஸலாம் சொன்னார். சுகம் விசாரித்தார். வீட்டில் எல்லாரும் எப்படி என்று கேட்டார். பதில் வருமென்று காத்திருந்ததில் பதிவு நேரம் முடிந்துவிட்டது.

அடுத்து ஸப்ரான் பேசினான். "வணக்கம். இது நனை நிறுவனத்தின் தானியங்கிச் சாதனம்."

"இதக் கேட்டா இன்னும் நாலு பேர் எடுப்பாங்க," என்று சொல்லிவிட்டு ஸும்ரா போனை வாங்கினாள். பேக்கை ஒரு தடவை பார்த்தாள். மூச்சை இழுத்தாள்.

"ஆரு நீங்க? ஒங்களுக்கு வேற வேல இல்லையா? இது எத்தாள நெய்னார்ட தோட்டத்து மோட்டர். மோட்டருக்கு நண்டு புடிக்கத் தெரியா. இந்த ஊட்டுல நண்டு தின்றதுமில்ல. கொழும்பெண்டாலும் சரிதான், ஒங்கட சல்லி எங்களுக்குத் தேவல்ல. என்ட மனிசன் கடல் கடந்து போகப் போறாரு, நீங்க நண்டு நண்டு எண்டு சாகுறீங்க. வைங்க போன!"

ஸப்ரான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். நெய்னார் தொண்டையைச் செருமினார்.

"மகள், அவங்களுக்கும் வயிறு இரிக்கித்தானே. அந்த வின்சன்ட்ட புது நம்பரக் கடசில சொல்லி விட்டா என்ன?"

நெய்னாருக்கு ஒரு மீன் லொறிக்காரரைத் தெரியும். அவருக்குச் சிலாபத்தில் எல்லாரையும் தெரியும். ஒரு மணித்தியாலத்தில் நம்பர் வந்தது. ஸும்ரா மறுபடி பேசினாள். இரண்டாம் தடவை இன்னும் நன்றாக ஏசினாள். முடிவில் நம்பரை இலக்கம் இலக்கமாக, நிறுத்தி, இரண்டு முறை சொன்னாள்.

அது வேலை செய்தது. நாற்பத்து மூன்று அழைப்பு அடுத்த நாள் பதினொன்று. அதற்கடுத்த நாள் இரண்டு. கொழும்பு நம்பர் காலை பத்துக்கு எடுத்தது, முழுவதையும் கேட்டது. பின்னேரம் மூன்றுக்கு எடுத்தது, மறுபடி முழுவதையும் கேட்டது. அதன் பிறகு எடுக்கவில்லை.

"பாத்தீங்களா," என்றாள் ஸும்ரா. "ஹோட்டலும் அடங்கிட்டு."

மோட்டர் சொன்னபடி ஓடியது, சொன்னபடி நின்றது. மேற்குப் பக்கத்துப் பாத்திகள் தப்பின. நெய்னார் மூன்று பேரிடம் மருமகனின் பெட்டியைப் பற்றிப் பெருமையாகக் கதைத்தார்.

வியாழன் போனது. ஸப்ரானின் போன் அடிக்கவில்லை. வெள்ளி, ஜும்மா முடிந்து வந்து முற்றத்தில் ஒரு கதிரையைப் போட்டு, மடியில் போனை வைத்துக்கொண்டு இருந்தான். பொழுது சாய மஃரிப் பாங்கு சொன்னார்கள். எழுந்து போய்த் தொழுதான். வந்து பேக்கின் சிப்பை இழுத்து மூடினான்.

சனிக்கிழமை அஸருக்குப் பிறகு விமான நிலைய வேன் வருவதாக இருந்தது. அதற்கு முன்பே ஒரு பிக்கப் வந்து நின்றது. தடித்த ஒருவர் இறங்கினார். கழுத்தில் சிலுவை. கையில் ஐஸ் பெட்டி.

"இதுதானே நெய்னார் அண்ணன்ட தோட்டம்? ஏசுற மோட்டர் இருக்கிற இடம்?"

"ஓம்," என்றார் நெய்னார் தயக்கத்தோடு.

"நான் வின்சன்ட். சிலாபம்."

ஸும்ரா கதவுக்குப் பின்னால் போனாள்.

"தங்கச்சி, ஒளியாதீங்க! சண்டைக்கு வரல்ல, கையெடுத்துக் கும்பிட வந்தன். பழைய நம்பர் போன பிறகு என்ட ஆக்கள் அரைவாசி போயிட்டாங்க. நீங்க ஏசி ஏசி எல்லாரையும் திருப்பி என்னட்ட அனுப்பிட்டீங்க. இந்தாங்க, இறால். நண்டு தின்ன மாட்டீங்கண்டு மோட்டர் சொல்லிச்சு."

நெய்னார் சிரித்தார். கதிரை வந்தது. தேத்தண்ணி வந்தது. ஸும்ராவும் வெளியே வந்தாள்.

"கொழும்பு ஹோட்டல்காரரும் எடுத்தாங்களா?" என்று கேட்டாள்.

"ஹோட்டலா? இல்ல தங்கச்சி, பேசினது ஒரு மிஸ். ஏதோ ஒரு போட்டி ஒப்பிசாம். மூண்டு கிழமையா ஒரு கம்பெனிய எடுக்கிறாவாம். முதல் எல்லாம் அடிச்சு அடிச்சுக் கட்டாகுமாம். கடைசியில ஒரு பொம்பிள எடுத்து ஏசிப்போட்டு, என்ட நம்பரக் குடுத்துச்சாம்."

தேத்தண்ணிக் கோப்பை ஸப்ரானின் கையில் அப்படியே நின்றது.

ஸும்ரா அவன் பக்கம் திரும்பினாள். "போர்ம்ல எந்த நம்பரப் போட்டீங்க?"

படிவத்தில் ஒரேயொரு கட்டம்தான் இருந்தது. நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம். நிறுவனத்திடம் இருந்த ஒரே தொலைபேசி கிணற்றடியில் இருந்தது.

வீதியில் வேன் ஹோர்ன் அடித்தது. யாரும் எழும்பவில்லை.

"நீங்க என்ன சொன்ன?" என்றான் ஸப்ரான். "அந்த மிஸ்ஸுக்கு?"

"சாமான் இருக்காண்டு கேட்டா. இருக்கு எண்டன். கொழும்பால கேட்டா நான் இல்லையெண்டு சொல்றல்ல தம்பி. முதல் ஓம் எண்டு சொல்லிப்போடணும், பிறகு தேடிப் புடிச்சுக் குடுக்கணும். எங்கட யாவாரம் அப்பிடித்தான். பேரக் கேட்டா, வின்சன்ட் எண்டன். போர்ம்ல வேற பேர் இருக்கெண்டா. ஓம் மிஸ், அதுவும் நான்தான் எண்டன்."

"பொறகு?" என்றார் நெய்னார்.

வின்சன்ட் கதிரையை ஸப்ரானுக்குக் கிட்ட இழுத்துப் போட்டார்.

"பிறகென்ன, எனக்குத்தான் முதலாம் இடமாம், வாற மாசம் சிங்கப்பூருக்குப் போய்ப் பேசட்டாம், அதுதான் தம்பி கேக்க வந்தன், மிஸ்ட்கோல்ல ஓடுற மோட்டர் எண்டா என்ன?"