களிம்பா, கத்தியா

உயிரே போனாலும் டாக்டர் ஃபர்ருக் கையால் அறுத்துக்கொள்வதில்லை என்று தாஷ்கண்டில் டாக்ஸி ஓட்டும் ரொதியோன் ஹெகாய் சபதம் எடுத்தான். கத்திக்குப் பயம் என்று நினைக்க வேண்டாம். பயம்தான், ஆனால் அது பாதி. மீதி பொறாமை.

ஐம்பது வயதில் முன்தோல் இறுகி, சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போனது. பயணியை வண்டியிலேயே விட்டுவிட்டுக் கழிப்பறை தேடி ஓட வேண்டியதாயிற்று. டாக்டர் சோதித்துப் பார்த்தார்.

"சுன்னத் செஞ்சுடறது நல்லது. வேண்டாம்னா லேசா கீறி விடலாம், ஆனா திரும்பவும் இறுகலாம். களிம்பும் இருக்கு. விடாம தடவினா கேட்டாலும் கேக்கும். மூத்திரம் அடைச்சுக்கிட்டாத்தான் கிட்னிக்கு ஆபத்து."

திரும்பும் வழியெல்லாம் மனைவி கிளாராவுக்கு டாக்டர் பேச்சுதான்.

"என்ன விரல் ரொதியா அந்த மனுஷனுக்கு. பியானோ வாசிக்கிற விரல்."

"என்னை வாசிக்க வேண்டாம். களிம்பே போதும்."

"பக்கத்து வீட்டுப் பொடியனுங்க செஞ்சுக்கிட்டுக் குதிரையில ஊர்வலம் போறானுங்க. உனக்கென்ன?"

"அவங்க முஸ்லிம். நாம கொரியாக்காரங்க. எங்க அப்பன் பாட்டனெல்லாம் முழுசாத்தான் போய்ச் சேர்ந்தாங்க."

"நீயும் சீக்கிரமே முழுசாப் போய்ச் சேரணுமா?"

களிம்பு வாங்கினான். வாராவாரம் காட்ட வேண்டுமாம், கிளாராவும் கூட வருவாளாம். முதல் வாரம் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டாள். அடுத்த வாரம் மகள் கல்யாணத்துக்குத் தைத்த பச்சைப் பட்டு கவுன் வெளியே வந்தது. அதற்கடுத்த வாரம் கையில் ஒரு டப்பா நிறையக் காரக் கேரட் சாலட்.

"இது யாருக்கு?"

"டாக்டருக்கு. காரம் பிடிக்குமாம்."

"எனக்கு?"

"உனக்குத்தான் எரியுமே."

எரிந்தது. அங்கே மட்டுமல்ல, அடிவயிற்றிலிருந்து உச்சந்தலை வரை. அந்த எரிச்சலில் களிம்பு தடவவே மறந்து போனான். சொட்டிக்கொண்டிருந்த சிறுநீரும் அடைத்துக்கொள்ளத் தொடங்கியது.

"கிளாரா, அறுத்துக்கிட்டா அந்த ஆளை எத்தனை தடவை பார்க்கணும்?"

"ஒரே தடவைதான். தையல் தானா கரைஞ்சுடும். அப்புறம் அங்க போக வேலையே இல்லை." சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு விட்டாள்.

அந்தப் பெருமூச்சை அவனால் தாங்க முடியவில்லை.

"நாளைக்கே அறுக்கச் சொல்லு."

"அவசரப்படாதே. அரைக் குழாய்க் களிம்பு இருக்கே."

"சொல்லுன்னா சொல்லு."

"அப்ப வியாழக்கிழமை காலையில. அன்னைக்குத்தான் அவருக்குத் தோது."

டாக்டரின் நேரங்காலம்கூட இவளுக்கு மனப்பாடமா என்று ரொதியோன் பல்லைக் கடித்தான்.

வியாழன் காலை காரியம் முடிந்தது. மதியம் கால்களை அகட்டி வைத்து, ஜெயித்தவனாக வீடு திரும்பினான். இனி பட்டு கவுன் கிடையாது, சாலட் கிடையாது, பியானோ விரலும் கிடையாது.

முற்றத்தில் பெரிய கொப்பரையில் புலாவ் வெந்துகொண்டிருந்தது. தெருவே கூடி உட்கார்ந்திருந்தது. தலைமை இடத்தில் டாக்டர், பக்கத்தில் அவர் மனைவி. சமையல்காரர் போதிர் கரண்டியை வைத்துவிட்டு வந்து, சுன்னத் முடித்த பொடியன்களுக்குப் போர்த்துகிற பூவேலை அங்கியை ரொதியோனுக்குப் போர்த்தினார்.

"போதிர் அண்ணே, அதுக்குள்ள எப்படி இவ்வளவு ஏற்பாடு?"

"அதுக்குள்ளயா? ஒரு மாசம் முந்தியே சொல்லாட்டி நான் எங்க தம்பி கிடைப்பேன்? நீ களிம்பு வாங்கிட்டு வந்த அன்னைக்கே கிளாரா வந்து இந்த வியாழக்கிழமையைக் குறிச்சுக் குடுத்துட்டுப் போயிடுச்சே."