மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறுதா?

“ஏங்க, குழாய் வேலைக்குப் போறவரு கையை வீசிக்கிட்டுப் போறீங்க?” என்றாள் மனைவி.

பிளம்பரின் கால் வாசற்படியிலேயே நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் குழாய் வேலை என்று அவர் சொல்லியிருந்தது பச்சைப் பொய். பழுது அவருடைய கழுத்தில்தான்.

“மூளைக்கு ரத்தம் போற குழாய் ஒண்ணு சுருங்கியிருக்கு. எம்.ஆர்.ஐ. எடுத்தா மேல போதுமான ரத்தம் போகுதான்னு தெரியும். போகலைன்னா ஆபரேஷன்” என்று போன வாரம் டாக்டர் சொல்லியிருந்தார்.

“அதாவது, மேல்மாடிக்குத் தண்ணி ஏறுதான்னு பார்க்கறீங்க.”

“அதேதான்.”

முப்பது வருஷமாக ஊரார் வீட்டு அடைப்பில் கூசாமல் கைவிட்டவருக்கு, சொந்த அடைப்பு என்றதும் பயம் பிடித்துக்கொண்டது. மனைவி தாங்கமாட்டாள், அதனால்தான் மறைக்கிறோம் என்று தன்னைத்தானே நம்பவைத்திருந்தார்.

“ஆமா, வேலைக்கு போன் எல்லாம் எனக்குத்தானே வரும்? இது எப்படி வந்துச்சு?” என்று வாசலில் மடக்கினாள் மனைவி.

“நேர்ல பார்த்துச் சொன்னாங்க.”

அவள் உள்ளே போனாள். டூல்ஸ் பையைக் கொண்டுவந்து தோளில் மாட்டிவிட்டாள். “பெரிய ஸ்பேனரையும் வெச்சிருக்கேன். தேவைப்படும்.”

ஆக, ஊரிலேயே பெரிய காந்தம் இருக்கும் அறைக்குப் பத்துக் கிலோ இரும்போடு போய்ச் சேர்ந்தார் மனிதர்.

“நேத்தே போன்ல சொன்னோமே, இரும்புச் சாமான் எதுவும் கூடாதுன்னு” என்றாள் வரவேற்பில் இருந்த பெண்.

தனக்கு அப்படி எந்தப் போனும் வரவில்லையே என்று தோன்றியது. வாதாடத் தெம்பில்லாமல் தலையாட்டினார். பை கழிவறைக்குப் பக்கத்து அலமாரிக்குப் போனது. அவர் முதுகுப்பக்கம் நாடா கட்டிய ஆஸ்பத்திரி அங்கிக்குள் போனார்.

நர்ஸ் பிரஷர் பார்த்தாள். நூற்றுத் தொண்ணூறு.

“இப்படியே உள்ள அனுப்ப முடியாது. பத்து நிமிஷம் எதையும் நினைக்காம உக்காருங்க.”

எதையும் நினைக்கக் கூடாது என்றதும் எல்லாம் நினைவுக்கு வந்தது. இருநூறு.

“மறுபடி ஏறினா இன்னைக்கு ஸ்கேன் கிடையாது. அடுத்த மாசம்தான்.”

ஒரு மாசம் இந்தப் பயத்தோடு, அதுவும் பொய் சொல்லிக்கொண்டு எப்படிக் குடித்தனம் நடத்துவது? அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து, தரை துடைக்கும் அக்கா வந்து நின்றாள்.

“அண்ணே, பிளம்பராமே? அந்த வாஷ்பேசின் அடியில தண்ணி கொட்டுது. ஒரு கை பாருங்களேன்.”

மறுநிமிடம் பிளம்பர் வாஷ்பேசினுக்கு அடியில் இருந்தார். முதுகில் அங்கி திறந்துகிடந்ததைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. பார்த்தவர்கள்தான் பட்டார்கள்.

“எந்தக் கழுதைம்மா இதைக் கடைசியா முடுக்கினது?” என்று உற்சாகமாகத் திட்டினார். பெரிய ஸ்பேனர்தான் பொருந்தியது.

எழுந்து வந்தபோது பிரஷர் நூற்று முப்பத்தெட்டு. ஸ்கேன் அறை வாசலில் டெக்னீஷியன் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“வாயில என்ன?”

பழக்கதோஷம். உதட்டோரம் ஒரு திருகாணி இருந்தது. துப்பிவிட்டுப் படுத்தார். தடதடவென்று மெஷின் அலறியது. அவரோ அந்த வாஷ்பேசினுக்குப் புது வாஷர் போட்டிருக்கலாமே என்ற யோசனையில் அசையாமல் கிடந்தார்.

மத்தியானம் டாக்டர் படத்தைக் காட்டினார். “ஒரு குழாய் சுருங்கியிருந்தாலும் மத்த வழியா ரத்தம் தாராளமா போகுது. ஆபரேஷன் வேண்டாம். மாத்திரை போதும்.”

பிளம்பருக்குத் தரையில் கால் பாவவில்லை. பையை எடுக்கப் போனபோது அக்கா எதிரே வந்தாள்.

“கடைசியில வீட்டுல சொன்ன பொய் உண்மையாவே ஆயிடுச்சு அக்கா! குழாய் வேலைதான் பார்த்திருக்கேன்” என்று சிரித்தார். “மறுபடி ஒழுகினா கூப்பிடுங்க.”

“அது எங்கண்ணே ஒழுகுச்சு? நீங்க எழுதிக் குடுத்த நம்பருக்கு நேத்து ஆஸ்பத்திரியில பேசினப்போ உங்க வீட்டம்மாதான் எடுத்தாங்களாம். சாயங்காலமே இங்க வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘அவரு ரொம்பப் பயந்தா ஏதாவது ஒரு குழாயைக் கழட்டி விடும்மா, கையில ஸ்பேனர் இருந்தா மனுசன் சரியாயிடுவாரு’ன்னு சொல்லிட்டுப் போனாங்க.”