கதிர்காமநாதன் எழுதிய கொலை

“என்னைக் கொலகாரன்னு எழுதிட்டீங்களே மொதலாளி!”

ஆர்மோனிய இத்ரூஸ் இப்படிக் கத்திக்கொண்டு கடைக்குள் நுழைந்தபோது, கதிர்காமநாதன் ஒரு தோட்டத்துக் கங்காணிக்கு வேட்டி விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். கங்காணி வேட்டியை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கத் தொடங்கினார்.

பதுளைக்கு ரயில் வந்த மறு வருஷம் அது. பஜாரில் ஜவுளிக்கடை நடத்திய கதிர்காமநாதன், தன் முதல் துப்பறியும் நாவலைக் கொழும்பில் அச்சடித்து அந்த ரயிலிலேயே கொண்டுவந்து இறக்கியிருந்தார். ‘பாகவதர் குடித்த பால்’ என்று பெயர். கச்சேரி மேடையில் பாலைக் குடித்த பாகவதர் பல்லவியின் நடுவில் செத்து விழுவார். போலீசார் திணறும்போது ஒரு ஜவுளிக்கடை முதலாளி துப்புத் துலக்குவார். அந்த முதலாளி நல்ல உயரம், நல்ல சிவப்பு. கதிர்காமநாதன் இரண்டும் இல்லை.

கதையில் கொலைகாரன் ஆர்மோனியக்காரன்தான். ஊரில் இருப்பதே ஒரு ஆர்மோனியக்காரர் என்பது எழுதும்போது அவருக்கு உறைக்கவில்லை. வெள்ளிக்கிழமை அம்மன் கோயில் திருவிழாக் கச்சேரி வேறு. அதற்குப் பொறுப்பும் கதிர்காமநாதன்தான்.

“சேச்சே, நீங்க இல்ல இத்ரூஸ்!”

“அப்ப யாரு?”

வாயில் வந்ததைச் சொன்னார். “மிருதங்கக்காரன்.”

இத்ரூஸ் முகம் தெளிந்து போய்விட்டார். மறுநாள் காலையில் ஹாலிஎல தோட்டத்திலிருந்து மிருதங்கம் வீரய்யா வந்து நின்றார்.

“தோட்டத்து லயத்துல எல்லா வீடும் சிரிக்குதுங்க. நான் பால்ல வெசம் கலக்குற ஆளா?”

“உன்னை யாருய்யா சொன்னா? பிடில்காரன்ல கொன்னான்!”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். பிடில் வாசிப்பவன் அவர் மனைவி கனகத்தின் தம்பி ஜெயராசா.

மத்தியானம் இலையில் வெறும் சோறு விழுந்தது.

“கொழம்பு எங்கடி?”

“அவனுக்கு வெலிமடையில பொண்ணு பேசிட்டு வந்திருக்கோம். கொலகாரனுக்கு யாரு பொண்ணு குடுப்பா? இதுல உங்களுக்குக் கொழம்பு ஒண்ணுதான் கொறச்சல்.”

“கொலையே இல்ல கனகம்! பாகவதர் தானே வெசத்தக் குடிச்சுட்டாரு!”

குழம்பு வந்தது. சாயங்காலம், கச்சேரியில் பாட வேண்டிய தனலெட்சுமியும் வந்தாள்.

“பாடுறவங்கன்னா பயந்து சாகுறவங்களா? அப்படி என்னங்க கஷ்டம் அவருக்கு? வாத்தியக்காரங்க யாராச்சும் அவமானப்படுத்தினாங்களா?”

“ஐயோ, அவரும் சாகணும்னு குடிக்கலம்மா. பால்ல பல்லி விழுந்திடுச்சு. போதுமா?”

போதவில்லை. விளக்கு வைப்பதற்குள் கோயில் மடப்பள்ளியிலிருந்து ஆள் வந்தது. “எங்க பால்ல பல்லி விழாதுன்னு சொல்லிட்டு வரச் சொன்னாங்க. கச்சேரிக்குப் பால் வேற எடத்துல பாத்துக்கணுமாம்.”

பேனாவைத் தொட்ட தன் கையை என்ன செய்யலாம் என்று கதிர்காமநாதன் யோசித்தார்.

வெள்ளிக்கிழமை பந்தல் நிறைந்துவிட்டது. சுற்றுத் தோட்டங்களிலிருந்தெல்லாம் சனம் பிள்ளைகுட்டியோடு வந்து உட்கார்ந்திருந்தது. வாத்தியங்களோ உறையை விட்டு வெளியே வரவில்லை. நாலு பேரும் மேடைக்குக் கீழே கைகட்டி நின்றார்கள்.

“ஏறுங்கய்யா, சனம் கல்லெடுக்கப் போகுது!”

“ஆளுக்கொரு பேச்சு பேசுறீங்க,” என்றார் இத்ரூஸ். “கொலகாரன் யாருன்னு ஒரே பேச்சா சொல்லுங்க. அப்புறம் ஏறுறோம்.”

கதிர்காமநாதனுக்கு எங்கிருந்துதான் அந்த ஆவேசம் வந்ததோ, தலைப்பாகையைக் கழற்றித் தரையில் அடித்தார்.

“நீதான்யா! ஆர்மோனியக்காரன்தான்! சுதி சரியில்லன்னு பாகவதர் சபையில சொன்னாரு. அந்த ஆத்திரத்துல ஆர்மோனியப் பெட்டிக்குள்ள வெசத்த ஒளிச்சு வச்சிருந்து பால்ல கலந்துட்ட! மிருதங்கமும் இல்ல, பிடிலும் இல்ல, பல்லியும் இல்ல! நாலு மாசம் தூக்கமில்லாம யோசிச்சு எழுதினேன், நீதான்! இப்ப அடிக்கிறதுன்னா அடி!”

கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

அடி விழவில்லை. கண்ணைத் திறந்தால், இத்ரூஸ் வாயெல்லாம் பல்லாக வீரய்யாவைப் பார்த்து, “நான் சொல்லல?” என்று சொல்லிக்கொண்டிருந்தார். வீரய்யா தலையைச் சொறிந்துகொண்டே மிருதங்கத்தின் உறையை அவிழ்த்தார். ஜெயராசா பிடிலுக்குச் சுதி சேர்க்கத் தொடங்கிவிட்டான்.

தனலெட்சுமி தலைப்பாகையை எடுத்துத் தூசி தட்டி அவரிடம் நீட்டினாள்.

“கோவிச்சுக்காதீங்க மொதலாளி. நீங்க வித்த ஒரு புத்தகத்துலயும் கடைசிப் பக்கங்க இல்ல, அச்சுலயே விட்டுப்போச்சு. நேரா கேட்டா சொல்ல மாட்டீங்கன்னுதான் ஆளுக்கொரு தடவ சண்டைக்கு வந்து பாத்தோம்.”