என் காலுக்குப் பொருந்திய சாக்ஸ்

கோபக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. தப்பு எப்போதும் அடுத்தவரிடம்தான் இருக்கும். நானும் அந்த வசதியோடுதான் இருந்தேன், என் உள்ளங்காலை ஊரே பார்த்த அந்த நாள் வரைக்கும்.

வீரபாண்டியில் நானும் வீட்டுக்காரரும் சின்னதாக ஒரு சாக்ஸ் கம்பெனி நடத்துகிறோம். மிஷின் அவர் பொறுப்பு. குவாலிட்டி என் பொறுப்பு. (குவாலிட்டி என்றால், புது சாம்பிளை என் காலில் மாட்டி நடந்து பார்த்துவிட்டு யாரையாவது திட்டுவது.)

பெங்களூர்க்காரர் ஒருவர் ஓட்டப்பந்தயம் ஓடுகிறவர்களுக்கான சாக்ஸ் கேட்டார். பாதத்தின் உள்பக்கம் குழிந்திருக்கும் இடத்தை ஒரு எலாஸ்டிக் பட்டை இறுக்கிப் பிடிக்க வேண்டும். சாம்பிள் ஓகே ஆனால் வருஷம் முழுக்க வேலை. இல்லாவிட்டால், சும்மா நிற்கும் மிஷின்களை விற்றுவிட வேண்டியதுதான் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

மிஷின் ஓட்டும் மாரியப்பன் சங்கரன்கோவில் பையன். அவன் கொடுத்த முதல் சாம்பிளைப் போட்டேன். கயிறு கட்டினதுபோல் உள்ளங்காலை அழுத்தியது. லூஸ் பண்ணச் சொன்னேன். பண்ணினான். அப்போதும் அழுத்தியது.

“எனக்குப் போட்டா சரியாத்தான்க்கா இருக்கு” என்றான்.

“உன்ற காலா ஆர்டர் குடுக்குது?” என்றேன்.

என் காலுக்குச் சுகமாக இருக்கும்வரை லூஸ் பண்ண வைத்தேன்.

பெங்களூர்க்காரர் வந்தார். கூடவே, ஓடுகிறவர்களின் கால்களைப் பார்க்கும் பிசியோதெரபி டாக்டரம்மா ஒருவரும் வந்தார். அவர் சாம்பிளை மாட்டிக்கொண்டு பேக்கிங் டேபிளைச் சுற்றி ஓடினார். ஒரு சுற்று முடிவதற்குள் சாக்ஸின் நடுப்பகுதி மஞ்சப்பை மாதிரித் தொங்கிவிட்டது. குதிகாலுக்கு விட்ட குழி திரும்பி முன்பக்கம் வந்து, மூக்குபோல் துருத்திக்கொண்டு நின்றது. பேக்கிங் பெண்கள் அட்டைப்பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள்.

நான் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். பட்டையை இறுக்கமாகப் போடச் சொல்லியும் கேட்கவில்லை என்று, எல்லார் முன்னாலும் மாரியப்பனைத் திட்டினேன். பச்சைப் பொய்.

“இதை யார் கால்ல போட்டுப் பாத்தீங்க?” என்றார் டாக்டரம்மா.

“என்ற கால்லதானுங்க. வேற யாரு கால நம்பறது?”

அவர் ஒரு டப்பில் தண்ணீர் கேட்டார். முதலில் மாரியப்பன் காலை நனைத்து ஒரு அட்டையில் நிற்கச் சொன்னார். குதிகால் ஒரு பக்கம், விரல்கள் ஒரு பக்கம், நடுவே வெளியோரமாக ஒல்லியாக ஒரு ஈரக்கோடு. அடுத்து நான் நின்றேன். எடுத்துப் பார்த்தால் குழியும் இல்லை, கோடும் இல்லை. தோசைக்கரண்டியை நனைத்து வைத்ததுபோல் முழுசாக ஈரம்.

பாத வளைவு ஸ்பிரிங் மாதிரியாம். ஊன்றும்போது தாழ்ந்து, எடுக்கும்போது நிமிருமாம். என் காலில் அது ஒரேயடியாகப் படிந்துவிடுகிறதாம், கணுக்காலும் உள்பக்கமாகச் சாய்கிறதாம். பட்டை அழுத்தியது அதனால்தானாம்.

“செருப்பு உள்பக்கமாத் தேயுமே?”

“இல்லீங்க” என்றேன்.

அதற்குள் பேக்கிங் செல்வி வெளியே ஓடி, என் செருப்பைக் கொண்டுவந்து டேபிள்மேல் கவிழ்த்து வைத்துவிட்டாள். (அவளுக்கு என்ன அவசரமோ.) உள்பக்கம் வழித்தெடுத்தாற்போல் தேய்ந்திருந்தது. ஒரு பக்கம் தேயும் செருப்பை விற்றதாகக் கடைக்காரரிடம் நான் போட்ட சண்டை கம்பெனி முழுக்கத் தெரியும்.

“நெறையப் பேருக்கு இப்படி இருக்கும்ங்க. வெக்கப்பட ஒண்ணுமில்ல” என்றார் டாக்டரம்மா. அதுவரை இல்லாத வெட்கம் அப்போதுதான் மொத்தமாக வந்தது.

வேஸ்ட் மூட்டையைக் கிளறி, நான் தூக்கிப் போட்ட முதல் சாம்பிளை மாரியப்பன் எடுத்து வந்தான். பெங்களூர்க்காரர் அதைப் போட்டுக்கொண்டு ஓடினார். சாக்ஸ் அசையவில்லை. ஆர்டர் கிடைத்தது. மாரியப்பனிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. “டீ குடிச்சயா?” என்று கேட்டேன். குடித்துவிட்டேன் என்றான்.

இப்போதெல்லாம் சாம்பிளை அவன்தான் போட்டுப் பார்க்கிறான். வீட்டில் நான் வாயைத் திறந்து எதைக் குறை சொன்னாலும், குழம்பில் உப்பு என்றாலும் சரி, சம்பந்தி வீட்டார் மரியாதை என்றாலும் சரி, வீட்டுக்காரர் தலையைக்கூட நிமிர்த்தாமல் கேட்கிறார்: “யாரு கால்ல போட்டுப் பாத்த?”

நான் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொள்வேன்.