உன் அப்பாவின் காருக்கு நான் ஆல்டர்னேட்டர் மாட்டிய விவரம்

அன்பு மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் சௌக்கியம். அங்கே நீயும் வீட்டில் அனைவரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை உன் அக்கா உன்னோடு ஒரு மணி நேரம் போனில் பேசியது பக்கத்து அறையிலிருந்த என் காதில் விழுந்தது. அதில் 'மானம் போச்சு' மட்டும் ஒன்பது முறை வந்தது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கார் உன் அப்பாவுடையது என்பதால் உனக்கும் கேட்கிற உரிமை உண்டு.

அந்தக் காரில் இருந்தது பழைய டைனமோ என்பது உனக்கே தெரியும். இன்ஜின் வேகமாக ஓடினால்தான் பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும். சிக்னலில் நின்றால் விளக்கு மங்கிவிடும், வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்று யோசிக்கும், ஹாரன் இருமும். வெள்ளிக்கிழமை உன் அக்காவுக்குப் பணி ஓய்வு. பள்ளிக்கூடத்தைத் தலைமையாசிரியையாக ஆண்டவளை அவள் அப்பாவின் காரிலேயே கம்பீரமாக அழைத்து வர ஆசைப்பட்டேன், இது ஒரு குற்றமா? டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டினால் வண்டி நின்றுகொண்டிருந்தாலும் சார்ஜ் ஏறும். மின்சார இலாகாவில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவன் நான். "ஊருக்கே கரண்ட் குடுத்தவன், ஒரு காருக்குக் குடுக்க மாட்டேனா?" என்றேன். "குடுத்த நாளைவிட நிறுத்துன நாள்தானே ஜாஸ்தி" என்றாள் உன் அக்கா. ஆரம்பத்திலேயே இப்படி வாய் வைத்தால் காரியம் எப்படி விளங்கும், நீயே சொல்.

பெட்ரோல் பங்க்குக்குப் பின்னால் கடை வைத்திருக்கும் கார் எலக்ட்ரீஷியனிடம் ஆலோசனை கேட்டேன். மனுஷன் வாயில் டெஸ்டரைக் கடித்துக்கொண்டே, "சார், பழைய வண்டி, பாடிக்குப் பாசிட்டிவ் போயிருக்கும். ஆல்டர்னேட்டர் வச்சா நெகட்டிவ் போகணும். பேட்டரியத் திருப்பிப் போட்டுக்கங்க" என்றார். டெஸ்டரைக் கடித்தபடி ஒருவர் சொல்வதை யார் கவனிப்பார்கள்? வீட்டுக்கு வந்து ஆல்டர்னேட்டரை மாட்டி, பேட்டரியை இருந்தபடியே இணைத்தேன். 'டப்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, கருகின வாசனை. ஆல்டர்னேட்டருக்குள் இருந்த டயோடுகள் கருகிப் போய்ச் சேர்ந்தன. இரண்டாவது ஆல்டர்னேட்டர் வாங்கினேன், பேட்டரியைத் திருப்பினேன், இன்ஜினைக் கிளப்பினேன். அடடா! பட்டப்பகலில் ஹெட்லைட் எதிர்ச்சுவரில் அடித்த வெளிச்சத்தைப் பார்த்து எனக்கே கண் கலங்கிவிட்டது. வெளிச்சத்தாலும்தான்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பள்ளி வாசலில் போய் நின்றேன். உள்ளே மைதானத்தில் உன் அக்கா விடைபெறும் உரை ஆற்றிக்கொண்டிருந்தாள். வந்துவிட்டேன் என்று தெரிவிக்க ஹாரனை ஒரே ஒரு முறை, மரியாதையாக அழுத்தினேன். இத்தனை வருடம் இருமிக்கொண்டிருந்த ஹாரனுக்குப் புதுத் தெம்பு வந்துவிட்டது போலிருக்கிறது, அலறியது. கையை எடுத்தேன். அலறியது. பட்டன் உள்ளேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. வாட்ச்மேன் ஓடிவந்து, "சார், அம்மா பேசிட்டிருக்காங்க!" என்றார். "எனக்குத் தெரியாதா? என் பொண்டாட்டிய்யா!" என்று கத்தினேன், ஹாரன் சத்தத்தில் அவருக்கு எது கேட்டதோ, சல்யூட் அடித்தார். பதற்றத்தில் பானட்டைத் தூக்கி, கைக்கு அகப்பட்ட தடித்த ஒயரைப் பிடுங்கினேன். அது ஹாரன் ஒயர் இல்லை. ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குச் சார்ஜ் போகிற ஒயர்.

உரையைப் பாதியில் முடித்துவிட்டு உன் அக்கா பூங்கொத்தோடு வந்து ஏறினாள். ஒரு வார்த்தை பேசவில்லை, பேசினாலும் கேட்டிருக்காது. வாசலிலிருந்து நாற்பது அடி போவதற்குள், சார்ஜ் வராமல் ஹாரன் உறிஞ்சியதில் பேட்டரி காலி. ஹாரன் நின்றது, கூடவே வண்டியும் நின்றது. வழியனுப்ப நின்றிருந்த ஆசிரியர்கள் அத்தனை பேரும் ஓடிவந்து தள்ளினார்கள். உன் அக்கா கீழே இறங்கி, "கணக்கு சார், அந்தப் பக்கம் புடிங்க! அறிவியல் டீச்சர், நீங்க நகருங்க, கால்ல ஏறிடும்!" என்று கட்டளையிட்டுக்கொண்டே வந்தாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன், யாராவது பிடிக்க வேண்டும் அல்லவா? இப்படி மொத்தப் பள்ளியும் வீட்டு வாசல் வரை வந்து விடைகொடுத்தது வேறு எந்தத் தலைமையாசிரியைக்கு நடந்திருக்கிறது? இதை அவள் உன்னிடம் சொல்லவே இல்லை.

ஆக, தவறு முழுக்க அந்த எலக்ட்ரீஷியனுடையது. வண்டி இப்போது ஷெட்டில் உறை போர்த்தியபடி செத்துக் கிடக்கிறது. பழைய டைனமோவையே திரும்ப மாட்டிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். உன் அக்காவுக்கு என்மேல் கோபம் எதுவும் இல்லை. பேசுவதில்லை, அவ்வளவுதான். உன் பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அவர்கள் நன்றாகப் படித்து, மின்சாரம் தவிர மற்ற எந்தத் துறையிலும் கொடிகட்டிப் பறக்கட்டும்.

என்றும் உன் நலம் விரும்பும்,
அத்தான்

பி.கு: தம்பி, இது அக்கா எழுதுவது. தபாலில் போடச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தார், படித்துவிட்டேன். பேட்டரியைத் திருப்பச் சொல்லி அந்த எலக்ட்ரீஷியன் மூன்று தடவை சொன்னதும், "எனக்கேவா கரண்ட் சொல்லித் தர்றே?" என்று இவர் எகிறியதும் கடிதத்தில் விட்டுப்போயிருக்கிறது. திங்கட்கிழமை இவர் மதியம் தூங்கும்போது அந்த எலக்ட்ரீஷியனையே கூப்பிட்டேன். சார்ஜ் ஏற்றின பேட்டரியை வைத்து, பிடுங்கின ஒயரை மாட்டி, ஹாரன் பட்டனைச் சுத்தம் செய்தார். முக்கால் மணி நேர வேலை. வண்டி இப்போது தேன் மாதிரி ஓடுகிறது. ஆல்டர்னேட்டர் நல்ல யோசனைதான், இவரிடம் மட்டும் சொல்லிவிடாதே. தினமும் இவர் தூங்கும்போது ஒரு ரவுண்டு போய் வருகிறேன். நேற்று எழுந்து வந்து பானட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னா வெயில்!" என்றார். வரும் ஞாயிறு உன் வீட்டுக்குக் காரில் வருகிறேன். இவர் பஸ்ஸில் வருவார்.